பட்டுச்சா, படலையா?

கோலி விளையாடிய வயதில் எங்கள் தெருவில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி ஒரே சண்டை. அடித்தவன் "பட்டுச்சு" என்பான். குண்டுக்குச் சொந்தக்காரன் "படல" என்பான். இரண்டு கோலியும் உரசியும் உரசாமலும் போன அந்தக் கணத்தை யாரும் பார்த்திருக்க மாட்டோம். பார்த்ததாகச் சத்தியம் மட்டும் பண்ணுவோம். சட்டையைப் பிடிக்கிற கட்டம் வந்துவிட்டால், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற சித்தப்பாவிடம் வழக்கு போகும். அவர் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சத்தம் கேட்டுச்சா?" கேட்டது என்று மூன்றாவது ஆள் ஒருவன் சொன்னால் பட்டது. இல்லையென்றால் படவில்லை. "கண்ணு ஏமாத்தும்டா. டிக்குன்னு வரும் பாரு, அது ஏமாத்தாது" என்பது அவருடைய சட்டம்.

வீடியோ பின்பால் விளையாட்டை எழுதுகிற ஒவ்வொரு நிரலாளரும் கணினியோடு போட்டுக்கொண்டிருப்பது இதே சண்டையைத்தான் என்று எனக்குத் தெரிய இருபது வருடம் பிடித்தது.

முதலில் பலகையைச் சொல்லிவிட வேண்டும். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போவது எங்கள் வீட்டில் தவறாத வழக்கம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் இரண்டு காலையும் சேர்த்து ஊன்ற இடம் கிடைக்காது. பெரியவர்களுக்கு ஆண்டாள் தேர். எங்களுக்கு ரத வீதிக் கடைகள். ஒரு வருடம் அங்கே அடம்பிடித்து வாங்கியதுதான் அந்தப் பலகை. இரண்டடி நீளம், மேல்முனை அரைவட்டம், நீலப் பெயின்ட், வரிசையாகவும் வளையமாகவும் அடித்த ஆணிகள், வலது ஓரத்தில் சுருள்வில் வைத்த தள்ளுகோல். கடைக்காரர் அதை பேகடெல் போர்டு என்றார். பிரெஞ்சுக்காரர்கள் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுருக்கி உண்டாக்கிய ஆட்டம் அது என்றும், 1871இல் சின்சினாட்டியில் மான்டேக் ரெட்கிரேவ் என்பவர் அதற்குச் சுருள்வில் வைத்துக் காப்புரிமை வாங்கினார் என்றும், பின்பால் இயந்திரங்களெல்லாம் அந்த வில்லிலிருந்து கிளம்பியவை என்றும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விலையில் இரண்டு ரூபாய் குறைக்க முடியுமா என்பதுதான் அன்றைய பிரச்சினை.

வீட்டுக்கு வந்து தரையில் வைத்தால் குண்டு உருள மறுத்தது. மேல்முனைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, நாங்களே கண்டுபிடித்தோம். பழைய பாடப் புத்தகங்களை இரண்டு அங்குலத்துக்கு அடுக்கினோம். இரண்டடிப் பலகைக்கு இரண்டு அங்குல முட்டு என்றால் சரிவு ஏறத்தாழ 5 டிகிரி. நிஜப் பின்பால் மேசைகளின் வழக்கமான சரிவு 6.5 டிகிரி என்று பிற்பாடு படித்தபோது, கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

நூறு என்று எழுதிய குழிக்கு மேலே இருந்த ஆணி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அடித்தவன் கைக்கோணல். அதனால் இடப்பக்கமாக வருகிற குண்டு தப்பாமல் குழியில் விழும். வலப்பக்கமாக வருவது எகிறி வெளியே போகும். இது வீட்டுக்காரனான எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். எவ்வளவு இழுத்துவிட்டால் குண்டு வளைவைச் சுற்றி இடப்பக்கம் இறங்கும் என்பது விரலுக்குத் தெரியும், மூளைக்குத் தெரியாது. அடுத்த தெருப் பையன்கள் தோற்றார்கள். பலகையை மாற்றி வைத்து ஆடலாம் என்று ஒருவன் கேட்டபோது, அவன் ஏதோ கண்டுபிடித்துவிட்டான் என்று எனக்கு வயிறு கலங்கியது. அவன் முட்டுக் கொடுத்திருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்க்கத்தான் கேட்டிருந்தான்.

கண்ணாடிக் குண்டுகள் ஒவ்வொன்றாகச் சாக்கடைக்குப் போனதும் சித்தப்பா ஒரு பொட்டலம் பால்ரஸ் குண்டு கொண்டுவந்து கொடுத்தார். மில்லில் கழித்துப் போட்ட பேரிங்குகளிலிருந்து எடுத்தவை. எஃகு கனமானது, ஆகவே வேகமாக உருளும் என்று நினைத்தோம். மிச்சமிருந்த ஒரே கண்ணாடிக் குண்டையும் எஃகுக் குண்டையும் ஓரத்தில் சேர்த்து விட்டுப் பார்த்தால் இரண்டும் ஜோடியாக வந்து சேர்ந்தன. மறுபடி விட்டோம். மறுபடி ஜோடி. கலிலியோ சாய்ந்த பலகையில் குண்டு உருட்டி எழுதிய புத்தகம் 1638இல் வந்தது. எங்களுக்கு அந்தச் செய்தி தாமதமாக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் உருளுவதில் இல்லை, படுவதில் இருந்தது. கண்ணாடி ஆணியில் பட்டால் ஒரு மாதிரி, எஃகு பட்டால் வேறு மாதிரி. சத்தமும் வேறு.

கலிலியோவுக்கும் பிடிபடாத ஒன்று அந்த உருளலில் உண்டு. உருண்டு இறங்குகிற திடக்குண்டு, வழுக்கி இறங்குகிற பொருளைவிட மெதுவாக வரும். சரிவு கொடுக்கிற முடுக்கத்தில் ஏழில் ஐந்து பங்குதான் அதன் ஓட்டத்துக்கு. மீதி இரண்டு பங்கு, தன்னைத்தானே சுற்றிக்கொள்வதற்குப் போய்விடுகிறது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள மேசையில், 6.5 டிகிரி சரிவில், எதிலும் படாமல் உருண்டு வரும் குண்டு கீழே வந்துசேர 1.6 விநாடி. வழுக்கி வந்தால் 1.4 விநாடி. இந்தக் கால் விநாடிக்கும் குறைந்த வித்தியாசத்தில்தான் பல வீடியோ பின்பால்கள் குட்டு வெளிப்பட்டு நிற்கின்றன. குண்டு படத்தில் பளபளவென்று இருக்கும், மேலே விளக்கு வெளிச்சம்கூடப் பிரதிபலிக்கும். ஆனால் அது உருளாது. வழுக்கும். பார்க்கிறவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. "என்னமோ சரியில்ல" என்று மட்டும் சொல்வான்.

நளன் கதையில் சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான்கு பேர் தேவர்கள், நளன் உருவில் வந்தவர்கள். தமயந்தி எப்படிக் கண்டுபிடித்தாள்? தேவர்களுக்குக் கண் இமைக்காது, மாலை வாடாது, கால் நிலத்தில் பாவாது. வாடிய மாலையும் இமைக்கிற கண்ணும் தரையில் பதிந்த காலுமாக இருந்தவன் ஒருவன், அவனுக்கு மாலையிட்டாள். கணினிக் குண்டை நிஜம்போல் ஆக்குவது என்ற இந்தத் தொழில்நுட்பக் கவலை முழுக்கவும் தமயந்தியின் கவலைதான் என்று எனக்குப் படுகிறது. அழகில் எந்தக் குறையும் இல்லாத குண்டை வரைவது சுலபம். அதன் காலைத் தரையில் பாவ வைப்பதுதான் கஷ்டம்.

ராஜபாளையத்தில் பிரவுசிங் சென்டர்கள் வந்த காலத்தில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நான் போய் உட்கார்ந்தது மின்னஞ்சல் பார்க்க. பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். நமக்கு யார் எழுதப் போகிறார்கள். மீதி ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு விண்டோஸ் எக்ஸ்பியில் 'ஸ்பேஸ் கேடட்' பின்பால் இருந்தது. இசட் விசை குண்டைத் திருப்பி அடிக்கிற இடது மட்டை, அதாவது ஃபிளிப்பர், சாய்கோட்டு விசை வலது ஃபிளிப்பர், ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து விட்டால் தள்ளுகோல். சென்டர் வைத்திருந்த அண்ணன், "விசையை உடைச்சிராதப்பா, போன மாசம்தான் கீபோர்டு மாத்துனேன்" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார். சினிமாட்ரானிக்ஸ் என்ற சிறு கம்பெனி 1995இல் செய்த விளையாட்டு அது. 'ஃபுல் டில்ட்' என்ற தொகுப்பில் இருந்த மூன்று மேசைகளில் ஒன்று. மைக்ரோசாஃப்ட் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கம் தேடிப்பிடித்து வாங்கியவர்கள் யாரும் இல்லை. கணினி வாங்கினால் கூடவே வந்தது. எங்கள் ஊரில் ஒரு பின்பால் இயந்திரத்தைக்கூட நேரில் பார்த்திராத ஒரு தலைமுறைக்குப் பின்பால் என்றால் அதுதான்.

எனக்கு அதில் ஒரு குறை இருந்தது, அப்போது சொல்லத் தெரியவில்லை. அந்த மேசையில் சாய்ந்த ஆணி கிடையாது. ஒரே அளவு இழுத்துவிட்டால் குண்டு ஒரே மாதிரி போவதாகவே எனக்குப் பட்டது. ராஜபாளையத்து மேசையும் மதுரை மேசையும் சிகாகோ மேசையும் ஒன்று. வீட்டுக்காரன் என்று யாருமே இல்லாத பலகை.

பிறகு விண்டோஸ் விஸ்டா வந்தது, பின்பால் போனது. ஏன் போனது என்று பல காலம் யாருக்கும் தெரியவில்லை. 2012இல் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் அந்தக் கதையை எழுதினார். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு நிரல்களை மாற்றிக்கொண்டிருந்த நேரம். பின்பாலையும் மாற்றி இயக்கிப் பார்த்தார்கள். குண்டு தள்ளுகோலின் முன்னால் வந்து நின்றது. பிறகு மெதுவாகக் கீழே நகர்ந்தது. தள்ளுகோலுக்கு ஊடாகவே நகர்ந்து, மேசையின் அடிவிளிம்பைத் தாண்டி, வெளியே போயே போய்விட்டது. எதிலும் படவில்லை. தள்ளுகோல் இருந்தது, குண்டு இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை. நிரல் பல வருடங்களுக்கு முன்னால் வெளியார் எழுதியது, விளக்கக் குறிப்புகள் அநேகமாகக் கிடையாது. அவரும் இன்னொருவரும் உட்கார்ந்து தேடிப் பார்த்தும் மோதலைக் கண்டறியும் பகுதியில் எங்கே பிசகு என்று பிடிபடவில்லை. தசம எண்களைத் தோராயமாக்குவதில் ஏதோ வித்தியாசம் என்பது ஊகம். பல மில்லியன் வரி நிரலை மாற்றவேண்டிய வேலை காத்திருந்தபோது ஒரு குண்டுக்காக எத்தனை நாள் உட்கார முடியும்? விளையாட்டையே எடுத்துவிட்டார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்றால் சிரிப்பீர்கள். தெருவில் நாங்கள் போட்ட சண்டையை உலகத்தின் மிகப்பெரிய மென்பொருள் கம்பெனியும் போட்டிருக்கிறது. அவர்களிடம் சைக்கிளில் வருகிற சித்தப்பா இல்லை.

கணினிக்கு ஏன் இது இவ்வளவு கஷ்டம்? காரணத்தை ராஜபாளையத்தில் யாரும் கணினி வைத்திராத காலத்திலேயே நான் பார்த்திருக்கிறேன், மில்லுக்குள். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சுற்றுச் சுற்றும். கண்ணுக்கு ஒரு மங்கல்தான் தெரியும். வேகம் பார்க்க ஃபிட்டர்கள் ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற விளக்கைக் கொண்டுவருவார்கள். விட்டுவிட்டு மின்னுகிற விளக்கு. ஸ்பிண்டில் விநாடிக்கு 300 சுற்று என்றால், விளக்கையும் விநாடிக்கு 300 தடவை மின்ன வைத்தால் ஸ்பிண்டில் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு மின்னலிலும் அது ஒரே நிலையில் இருப்பதால் நிற்பதாகத் தெரிகிறது. சித்தப்பா காட்டியபோது, தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். அறை விழுந்தது. "நிக்கிற மாதிரி தெரியும். விரலு போயிரும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். விளக்கை 150 தடவை மின்ன வைத்தாலும் ஸ்பிண்டில் நிற்கிற மாதிரிதான் தெரியும். நடுவில் ஒரு முழுச் சுற்று கணக்கிலேயே வராமல் போயிருக்கும். அதனால் வேகம் பார்க்கிறவன் மேலேயிருந்துதான் இறங்கி வர வேண்டும், கீழேயிருந்து ஏறக்கூடாது.

கணினி உலகத்தைப் பார்ப்பது இந்த விளக்கால்தான். விநாடிக்கு 60 தடவை மின்னுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பால் குண்டின் விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 80 கிராம். ஃபிளிப்பர் அடித்த குண்டு விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால் ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவில் 5 சென்டிமீட்டர் போயிருக்கும். தன் விட்டத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வழியில் ஒரு மெல்லிய கம்பி இருந்தால்? இந்த மின்னலில் குண்டு கம்பிக்கு இந்தப்புறம். அடுத்த மின்னலில் அந்தப்புறம். நடுவில் பட்டதா? கணினியைக் கேட்டால் "நான் பார்க்கும்போது படவில்லை" என்று சத்தியம் பண்ணும். பொய்ச் சத்தியம்கூட இல்லை அது. எங்கள் தெருப் பையன்கள் பண்ணியதும் அப்படித்தான்.

இதற்கு எளிய வழி, விளக்கை வேகமாக மின்ன வைப்பது. குண்டின் ஒவ்வோர் அடியையும் பத்துக் குட்டி அடிகளாக நறுக்கிப் பார்க்கலாம். ஸ்பேஸ் கேடட் தன் போக்கில் இதைத்தான் செய்தது, அளவில்லாமல். கணினியால் முடிந்த மட்டும் வேகமாகப் படம் வரைந்துகொண்டே இருந்தது. கணினிகள் வேகமாக வளர வளர, ஒரு சின்ன விளையாட்டு இயந்திரத்தின் மொத்தச் சக்தியையும் குடித்தது. ரேமண்ட் சென் விநாடிக்கு 100 படம் என்று ஓர் உச்சவரம்பு போட்டார். அது விஸ்டாவுக்கு முந்தைய கதை.

நேர்த்தியான வழி வேறு. அதைத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக்காரர்கள் எல்லோரும் படித்திருக்கிறோம், எதற்கு என்று தெரியாமல். "இப்போது படுகிறதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "எப்போது படும்?" என்று கேட்பது. குண்டு இந்தச் சின்னப் பொழுதில் நேர்கோட்டில் போகிறது. எதிரே குண்டு பட்டு எகிறுகிற வட்டமான முட்டு, பம்பர். குண்டின் மையத்துக்கும் பம்பரின் மையத்துக்கும் உள்ள தூரம், இரண்டின் ஆரங்களையும் கூட்டினால் வருகிற அளவுக்குச் சமமாகும் நேரம் எது? எழுதிப் பார்த்தால் ஓர் இருபடிச் சமன்பாடு. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட தன்மைகாட்டி, பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏசி, ஞாபகம் இருக்கிறதா? அது குறை எண்ணாக வந்தால் தீர்வு இல்லை: குண்டு படவே படாது. சுழியாக வந்தால் ஒரே தீர்வு: உரசிக்கொண்டு போகும். மிகை எண்ணாக வந்தால் இரண்டு தீர்வு: முதல் நேரத்தில் படும், இரண்டாவது, குண்டு பம்பருக்குள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே வருகிற நேரம், அது நமக்கு வேண்டாம். பட்டுச்சா, படலையா, லேசா உரசுச்சா என்று நாங்கள் மூக்கு உடைத்துக்கொண்ட மூன்று கட்சியும் ஒரு சூத்திரத்தின் வர்க்கமூலக் குறிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தில் எனக்கு இன்னும் பத்து மார்க் கூட வந்திருக்கும்.

ஆனாலும் சண்டை தீரவில்லை. சுழி என்பது கணினிக்குச் சுழியாக வருவது அபூர்வம். இங்கே நம் பழைய பின்னக் கணக்கு கைகொடுக்கிறது. அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை கணினிக்குத் தாய்மொழி. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரண்டாகவே பகுத்துப்போகும் பங்குகள். அவற்றை அது அச்சொட்டாக எழுதிவிடும். மா என்றால் 20இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. இவை மூன்றிலும் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. இரண்டடிமானத்தில் எழுதப் புகுந்தால் முடிவே இல்லாமல் நீளும். எங்காவது வெட்டித்தான் வைக்க வேண்டும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் பதினேழாவது தசம இடத்தில் ஒரு 4 ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். இம்மி பிசகாமல் என்கிறோம். இம்மியும் பழைய பின்னப் பெயர்தான், முந்திரியைவிட மிகமிகச் சின்னது. அந்த அளவு பிசகினால் குண்டு சுவருக்குள் ஒரு மயிரிழை புதைந்துவிடும். புதைந்த குண்டுக்கு எந்தப்பக்கம் வெளி என்று தெரியாது. அந்தப்பக்கமாக வெளியேறி, மேசையை விட்டே போகும். அதனால் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு சுவருக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். படுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பட்டதாக வைத்துக்கொள்வது. தெருவில் இதற்குப் பெயர் கள்ளாட்டம்.

பட்ட பிறகு என்ன ஆகும் என்பது தனிப் பாடு. ரப்பரில் குண்டு மெல்லப் பட்டால் நன்றாக எகிறும், ஓங்கிப் பட்டால் அந்த விகிதத்தில் எகிறாது. சுழன்றுகொண்டே வந்து பட்டால் போகிற திசை மாறும். இதெல்லாம் விளையாட்டுக்கு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் பில் பட்ஜ் எழுதிய 'பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்'டில் ஈர்ப்பு விசையையும் எகிறும் தன்மையையும் ஆடுகிறவரே திருகி மாற்றிக்கொள்ளலாம். அந்தக் காலத்து எட்டு பிட் கணினியில். நிஜத்தைப் பிரதியெடுக்க முடியாத இடத்தில் அவர் நிஜத்தின் திருகுகளையே கையில் கொடுத்துவிட்டார். பிற்பாடு வந்த பளபளப்புகள் பலவற்றைவிட எனக்கு இது மேல். கைபேசியில் இப்போது வரும் கேரம் விளையாட்டுகளில் ஸ்டிரைக்கரைத் தொட்டதுமே காய் எங்கே போகும் என்று ஒரு கோடு போட்டுக் காட்டுகிறார்கள். படுவதற்கு முன்னாலேயே பட்டதைக் காட்டிவிட்டால் பிறகு எதற்கு அடிப்பது? பவுடர் தூவிய பலகையில், ஈரக்காற்று அடிக்கிற மாலையில், காய் அரை அங்குலம் முன்னாலேயே நின்றுவிடுமோ என்று பதறியவர்களுக்கு அந்தக் கோடு ஓர் அவமானம்.

கணினியில் எழுதக் கஷ்டமான தொடுகை ஒன்று உண்டு. ஆடுகிறவனின் உடம்பு மேசையில் படுவது. நிஜப் பின்பால்காரர்கள் மேசையை லேசாக இடிப்பார்கள். இடுப்பால், உள்ளங்கையால், சரியான கணத்தில் ஒரு சின்னத் தள்ளல். குழிக்குப் போகிற குண்டு திரும்பிவிடும். அளவு மீறினால் 'டில்ட்' என்று விளக்கெரிந்து ஆட்டம் செத்துவிடும். உள்ளே இருப்பது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கொத்தனார் சுவர் பிடிக்கிற தூக்குக்குண்டு மாதிரி ஒன்று, ஒரு வளையத்துக்கு நடுவில் தொங்குகிறது. மேசை ஆடினால் அது வளையத்தில் படும். பட்டால் மின்சாரம் பாயும். அங்கேயும் பட்டுச்சா, படலையாதான்.

இப்படிக் கையும் உடம்பும் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தை நியூயார்க் நகரம் சூதாட்டம் என்று சொல்லி 1942 முதல் 1976 வரை தடை செய்திருந்தது. தடை நீங்க ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபைக்காரர்கள் முன்னால் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. குண்டு எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டிச் சொல்லி, அப்படியே போகவைத்துக் காட்டினார். 

மேசையை இடிப்பதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆடிப்பூரத் தேர்தான் வரும். வடம் பிடிக்கிறவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு ஓடுகிறவர்களை. அவ்வளவு பெரிய தேரை ரத வீதி முனையில் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டைதான். கொஞ்சம் முந்திப் போட்டால் தேர் அசையாது. பிந்திப் போட்டால் கட்டை பயனில்லாமல் நசுங்கும். சக்கரம் கட்டையில் ஏறும் அந்தக் கணத்தில் ஒரு முனகல் கேட்கும், மொத்தத் தேரும் அலங்காரத் துணிகளோடு ஒரு தரம் சிலிர்க்கும். பட்டதா என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான ஆண்டாளுக்குப் பந்தும் புதிதில்லை என்று இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். திருப்பாவையின் 18ஆம் பாசுரத்தில், கதவைத் திறக்கச் சொல்லி எழுப்பப்படும் நப்பின்னையின் விரல்களில் பந்து இருக்கிறது. தூங்கும்போதும் கையை விட்டுப் போகாத பந்து.

வேலை நிமித்தம் வெளிநாடு போன இடத்தில், ஓர் உணவகத்து மூலையில், ஒருமுறை நிஜ இயந்திரத்தில் ஆடினேன். மூன்று குண்டும் இரண்டு நிமிடத்தில் போய்விட்டன. ஆனால் ஒன்று தெரிந்தது. ஃபிளிப்பரில் குண்டு படும்போது அது மணிக்கட்டில் தெரிகிறது. 80 கிராம் எஃகு. எங்கள் கண்ணாடிக் கோலியைப்போல் பதினைந்து மடங்கு எடை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக ஆடியும் எனக்குக் குறைபட்டது கண்ணில் இல்லை, காதிலும் இல்லை, இங்கேதான் என்று அப்போது புரிந்தது. இப்போதைய கட்டுப்பாட்டுக் கருவிகள் கையில் அதிர்கின்றன. எனக்கு எல்லாக் குண்டுக்கும் ஒரே அதிர்வாகத்தான் தெரிகிறது.

போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணிலிருந்து பலகை வந்தது. நீலம் உரிந்திருந்தது. சுருள்வில் துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டதும் அசைந்தது. சாய்ந்த ஆணி சாய்ந்தே இருந்தது. என் மகன் கைபேசியில் இதைவிட நல்ல பின்பால் வைத்திருக்கிறான், ஆனாலும் வந்து உட்கார்ந்தான். சித்தப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் ரிங் ஃபிரேம் இரைச்சலில் நின்றவர். இப்போது பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். இரண்டாவது ஆட்டத்திலேயே தகராறு. நூறுக்கு மேலே இருக்கிற ஆணியில் குண்டு பட்டுத் திரும்பியதா, படாமலே திரும்பியதா என்று. "பட்டுச்சு தாத்தா, சத்தம் கேட்டுச்சு" என்றான் மகன், அவர் காதருகே போய்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. ஆட்டம் முழுக்கப் பலகையின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"படல" என்றார்.